கழுத்தில் தொடங்கிய வார்த்தை

பெல்லை அமுக்கினதும் உள்ளே பேச்சு நின்றுபோனது. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. ஓர் ஆண்குரல், மெதுவாக, குழந்தைக்குச் சோறூட்டுகிற பதத்தில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, மணிச் சத்தம் கேட்டதும் அறுத்த மாதிரி நின்றது. அதற்குப் பிறகு கதவு திறக்க நேரம் பிடித்தது. கையில் பையோடு மூன்றாவது மாடி நடையில் நின்றேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு துளசித் தொட்டி, மூன்று ஜோடி செருப்பு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசம். நல்ல வீடுகள்தான், நல்ல சனங்கள்தான், இங்கே பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லாதவன் தனக்குத்தானே எதற்கு இப்படிச் சொல்லிக்கொள்ளப் போகிறான். வெள்ளகோவிலில் பஸ் ஏறினதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். மகளைப் பார்க்கணும், அண்ணன் பையன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கணும், ஒரு டீ குடிக்கணும், கிளம்பணும். பட்டியில் ஆடு கிடக்கிறது, எம்பட ஊட்டுக்காரி ஒருத்தியாகச் சமாளிக்க மாட்டாள். அவள்தான் அனுப்பினாள். "பொண்ணு குரல் கட்டிப்போய்க் கெடக்குது, போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டீங்கறா, ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க." ஒரு எட்டு. இங்கே கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே ஏதோ நாற்காலியை இழுத்து நேராக வைக்கிற சத்தம்.

திறந்தது மாப்பிள்ளை. தரணீதரன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டில் இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டை. "வாங்க மாமா, வாங்க வாங்க. என்ன, சொல்லாம கொள்ளாம? ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பனே," என்று பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது, கல்யாணத்தன்றைக்கே எல்லாரும் சொன்னார்கள், இந்தக் காலத்தில் இப்படிக் குனிந்து பேசுகிற பையனா என்று. சோபாவில் உட்கார வைத்து, முதுகுக்குத் திண்டு வைத்து, மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவைத்தார். டீவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். யாரோ ஒரு பொம்பளை அதில் வாயைத் திறந்து திறந்து மூடினாள். "மேகா, யார் வந்திருக்காங்க பாரு," என்றார் உள்ளே பார்த்து. மேகலா சமையற்கட்டிலிருந்து வந்தாள். என் மகள்தான். வந்தவள் சிரித்தாள், சிரிப்பு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை மாதிரி ஒன்று, அதன்மேல் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். சித்திரை வெயில், மூன்றாவது மாடி, எனக்கே பனியன் முதுகில் ஒட்டிக்கிடக்கிறது. இவள் சின்னதிலிருந்தே வேர்வை தாங்காதவள், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதலில் தொட்டித் தண்ணியில் முகத்தை முக்குகிறவள். "வாங்கப்பா," என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையும் உமி அரைக்கிற மாதிரி வந்தது. நான் கேட்கிறதுக்கு முன்னால், அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கிறதுக்கு முன்னால், மாப்பிள்ளை சொன்னார்: "தொண்டை கட்டிக்கிச்சு மாமா. ஏசிய போடாதேன்னா கேக்கறதில்ல, ஐஸ்கிரீம் வேண்டாம்னா கேக்கறதில்ல. சின்னப் புள்ள மாதிரி." சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். சிரிப்பு வந்தது எப்படியென்று தெரியவில்லை, பழக்கம், மாப்பிள்ளை சிரித்தால் மாமனார் சிரிக்கணும். அவள் திரும்பி உள்ளே போனாள். கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் சொன்னால் அந்தக் கேள்வி அவனுக்குள் ரொம்ப நாளாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் சொல்ல முடியாது. பெண்டாட்டி மேல் பாசம் இருந்தால் அவன் சொல்லமாட்டானா. பாசம்தான். ஏசி காத்துதான். நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன்.

"டோன்ட் ஒர்ரி மாமா, ரெண்டு நாள்ல செரியாயிடும்," என்றார். அந்த வார்த்தை. போன வாரம் போனில் அவளும் இதையேதான் சொன்னாள், "ஒர்ரி பண்ணாதீங்கப்பா, எனக்கு ஒண்ணுமில்ல." சொன்ன பிறகு போனுக்குள் இன்னொரு மூச்சுக் கேட்டது, பக்கத்தில், ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள்போல. பேங்கில் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், ஆட்டோக்காரன் சொல்கிறான், மூன்றாம் வகுப்புக்கு மேல் தாண்டாத நானே ஆடு வாங்க வருகிறவனிடம் ஒர்ரி பண்ணாதீங்க, நல்ல குட்டி என்று சொல்கிறேன். எல்லாரும் சொல்கிற வார்த்தையில் என் மகள் மட்டும் எதையோ ஒளித்துவைத்து எனக்கு அனுப்பிவிட்டாள் என்று நினைத்தால் அது பைத்தியக்காரத்தனம். அவள் ஒன்றும் அனுப்பவில்லை. அந்த வார்த்தையின் கதையை எனக்குச் சொன்னவளும் அவள்தான் என்பதால் வந்த வினை, நாலைந்து வருசத்துக்கு முந்தி, இங்கிலீஷ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது. ஒருநாள் விடியக்காலம் தெருநாய்கள் பட்டிக்குள் இறங்கிவிட்டன. கிளுவை வேலியில் ஓர் இடத்தில் ஓட்டை போட்டு வந்திருந்தன. நாய் அப்படி இறங்கினால் பசிக்குக் கடிப்பதில்லை. ஒன்றைக் கழுத்தில் கவ்வும், உலுக்கும், அது துவண்டதும் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். விளையாட்டு மாதிரிதான் இருக்கும் பார்க்கிறதுக்கு. நாங்கள் ஓடினபோது பாதிப் பட்டி கிடந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "டோன்ட் ஒர்ரிங்க, நஷ்டஈட்டுக்குச் சர்டிபிகேட் எழுதித் தர்றேன்," என்றார். என் பக்கத்தில் நின்றிருந்த மேகலா சிரித்துவிட்டாள். சந்தோசச் சிரிப்பில்லை. டாக்டர் போனதும், "ஏன் கண்ணு சிரிச்சே?" என்று கேட்டேன். வீட்டுக்குள் போய்த் தலையணை கனத்துக்கு இருக்கிற டிக்சனரியைத் தூக்கிக்கொண்டு வந்து, செத்த ஆடுகளுக்கு நடுவே கல்லில் உட்கார்ந்துகொண்டு படித்தாள்.

"அப்பா, இந்த ஒர்ரின்னு சொல்றாங்களே, இது ஆயிரம் வருசத்துக்கு முன்னால கழுத்த நெரிக்கிறதுக்கு இருந்த வார்த்தைங்ப்பா. கையால நெரிச்சுக் கொல்றது. பொறவு நாய், ஓநாய் இதுங்க ஆட்டுக் கழுத்தக் கவ்வி உலுக்குதுல்ல, அதுக்கு ஆச்சு. இப்பவும் அந்த ஊர்ல நாய் ஆட்டக் கடிச்சா இந்த வார்த்தையத்தான் சொல்றாங்க. பொறவு ஒருத்தன் இன்னொருத்தனப் போட்டு நச்சரிக்கிறதுக்கு. கடைசில, இப்ப ஒரு நூத்தம்பது, எரநூறு வருசமாத்தான், நாமளா மனசுக்குள்ள கவலைப்படறதுக்கு." எனக்கு அழுகையோடு அழுகையாக ஓர் ஆச்சரியம். "அந்த ஊர்லயும் ஆடு மேய்ச்சிருக்காங்களா அம்மிணி?" "நல்லாக் கேட்டீங்க. ஆட்டு மயிர வித்துத்தான் அந்த நாடே பணக்கார நாடாச்சு." "அப்ப அந்த வார்த்தைய ஒரு ஆட்டுக்காரன்தான் வெச்சிருப்பான்." "வெச்சிருப்பான். பொறவு அது படிச்சுட்டு டவுனுக்குப் போயிருச்சு, என்னய மாதிரி." அன்றைக்கு அவ்வளவு சாவுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கதை எனக்குள் முள் மாதிரி ஏறிவிட்டது. செத்ததுகளுக்குக் குழி வெட்டும்போதெல்லாம் அதையே நினைத்தேன். ஒரு வார்த்தை கழுத்தில் பிறந்திருக்கிறது. அப்போது அதில் இரண்டு பேர் இருந்தார்கள், நெரிக்கிறவன் ஒருத்தன், நெரிபடுகிறவன் ஒருத்தன். காலம் போகப்போக நெரிக்கிறவன் மெல்ல நழுவி வெளியே போய்விட்டான். நெரிபடுகிறவன் மட்டும் வார்த்தைக்குள் தனியாக நிற்கிறான், தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்ட மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனையே சொல்கிறார்கள், ஏன் இப்படிக் கவலைப்படுகிறாய், விடு. பிடித்தவன் அல்லவா விடவேண்டும்.

"அவளுக்கு எல்லாத்துக்கும் ஒர்ரி மாமா," மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகச் சொல்கிறார் என்று தெரியவில்லை, நான் நினைப்பில் இன்னும் அந்தக் குழியையே வெட்டிக்கொண்டிருந்தேன். "நான் கொஞ்சம் லேட்டா வந்தா ஒர்ரி, எங்கம்மா ஒரு வார்த்தை சொன்னா ஒர்ரி. தூங்கறதில்ல. தானாப் பேசிக்கிறா. நானே ஒரு கவுன்சிலிங் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். வெளில யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்." சொல்லும்போது முகத்தில் அவ்வளவு வருத்தம். வருத்தம் நிஜமாகவே இருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். "செரிங்க மாப்பிள்ளை," என்றேன். அவருடைய தொடைக்குப் பக்கத்தில் சோபாவில் இரண்டு போன் கிடந்தது, ஒன்றின்மேல் ஒன்று, அடியில் இருப்பதற்குப் பூப்போட்ட உறை. அது அவளுடையது. அது ஏன் அங்கே கிடக்கிறது, சமையல் செய்கிறவள் போனைக் கையில் வைத்துக்கொண்டா செய்வாள், அங்கேதான் கிடக்கும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினேன். படுக்கையறைக் கதவு. திறந்து கிடந்தது, உள்தாழ்ப்பாள் புதுசு, திருகாணி மினுமினுக்கிறது, நிலையில் மரம் பிளந்து, பிளந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பூசி இன்னும் வர்ணம் அடிக்கவில்லை. காத்துக்கு அடித்திருக்கும். காத்துக்கு அடித்தால் கதவல்லவா மோதும், நிலை எப்படி உள்பக்கமாகப் பிளக்கும். எங்கள் பக்கம் கவலை என்றால் மனசில் வருவது மட்டுமில்லை, கிணற்றில் மாடு கட்டி இறைத்த காலத்தில் அந்த ஏற்றத்துக்கும் அதுதான் பெயர். மாடு முன்னால் போகும், பின்னாலேயே வரும், அந்தச் சரிவைத் தாண்டி ஓர் அடி போகாது. என் புத்தியும் அப்படித்தான், போன் வரைக்கும் போகிறது, ஏசி காத்து வரைக்கும் பின்னால் வருகிறது, நிலைக்கதவு வரைக்கும் போகிறது, நல்ல பையன் வரைக்கும் பின்னால் வருகிறது. ஒரு வாளித் தண்ணிகூட மேலே வரவில்லை.

பத்திரிகையை எடுத்தேன். எதற்கு வந்தேனோ அதையாவது செய்யலாம். அண்ணன் பையன் கல்யாணம், வருகிற வியாழக்கிழமை. மேகலாவுக்குத் தம்பி முறை, கூடப்பிறந்த அக்கா தங்கச்சி அவனுக்குக் கிடையாது, இணைச்சீருக்கு உட்காரவேண்டியவள் இவள்தான். மாப்பிள்ளை பையனோடு அக்காளோ தங்கச்சியோ சேர்ந்து உட்கார்ந்து செய்யாமல் எங்களில் முகூர்த்தம் நடக்காது, அது இவருக்கும் தெரியும், இவர் கல்யாணத்தில் இவர் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "இணைச்சீருக்குப் புள்ள முன்னாலயே வந்துட்டா நல்லா இருக்குமுங்க மாப்பிள்ளை. சேல எடுக்கோணும், ஜாக்கெட் தெக்கோணும். இன்னைக்கே எங்கூட அனுப்பினீங்கன்னா..." சொல்லும்போதே என் குரல் கெஞ்சுகிறது எனக்குக் கேட்டது. அவர் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முழுக்கப் படித்தார். "சூப்பர் மாமா. நாங்க கண்டிப்பா வந்தர்றோம். புதன்கிழமை சாயந்தரம் கார்லயே கூட்டிட்டு வர்றேன். சேலை இங்கயே எடுத்துக்கலாம், கோயமுத்தூர்ல இல்லாத சேலையா. அவ ஒடம்பு இருக்கற இருப்புல பஸ்ல வேற எதுக்கு?" ஒன்றும் தப்பில்லை. ஒரு வார்த்தையும் தப்பில்லை. முடியாது என்று சொன்னதுகூடத் தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார், எண்ணெய் போட்ட கதவு. புதன்கிழமை என்றால் இன்னும் எத்தனை ராத்திரி இருக்கிறது என்று ஏன் என் புத்தி போகிறது. ராத்திரியில் என்ன நடக்கப்போகிறது, தூங்குவார்கள். அவள் தூங்குவதில்லை என்று இப்போதுதானே சொன்னார்.

மேகலா ஒரு சொம்புத் தண்ணியும் டம்ளருமாக வந்தாள். டம்ளரில் ஊற்றி எனக்கு நீட்டினாள். நான் குடித்தேன். அவள் அப்படியே நின்றாள். பட்டியில் நாய் புகுந்துபோன பிறகு செத்ததைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது, நிற்கிறதைப் பார்க்கணும். வெள்ளாட்டைத் தொட்டால் ஊரையே கூட்டிவிடும், செம்மறி கத்தாது. கழுத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே நிற்கும். பல் இறங்கின ஓட்டை சின்னது, மயிர் மூடிக்கொள்ளும், கூட்டத்தோடு நடக்கும், மேய்கிற மாதிரி தலையைக்கூடக் குனியும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் விழும். அதனால் நாங்கள் தண்ணி காட்டுவோம். ஒவ்வொன்றாகத் தொட்டிக்குக் கொண்டுவந்து, குடிக்கிறதைப் பார்ப்போம். நல்ல ஆடு உறிஞ்சிக்கொண்டே போகும். கடிபட்டது வாயை வைக்கும், ஒரு மடக்கு இழுக்கும், கழுத்தை ஒருபக்கமாகக் கோணி நிற்கும், தண்ணி உள்ளே இறங்கும்வரைக்கும் அதன் கண் எங்கேயோ பார்க்கும். ஆட்டுக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் ஆடு. மகளும் ஆடும் ஒன்றா, பெற்ற பிள்ளையைத் தொட்டிக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கப்போகிறாயா. பார்க்காதே. பார்க்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போ. புதன்கிழமை வந்துவிடுவாள். என் வாய் சொல்லிவிட்டது: "நீயும் கொஞ்சம் தண்ணி குடி கண்ணு. வேர்த்துக் கொட்டுது பாரு." மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் என்னைப் பார்த்தாள். பட்டியில் வளர்ந்தவள், தொட்டிக்கு ஆடு பிடித்துக் கொடுத்தவள், நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். வேண்டாம்ப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டம்ளரில் ஊற்றினாள். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறவள், உதட்டில் வைத்தாள். ஒரு மடக்கு. தலை இடதுபக்கம் சாய்ந்தது, தோள் மேலே ஏறினது, கல்லை விழுங்குகிற மாதிரி ஓர் இழுப்பு, கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கண் என்னைத்தான் பார்த்தது, எங்கேயோ பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

உள்ளே அடுப்பில் பால் இருந்திருக்கிறது, காய்கிற வாசம் வந்தது. அவள் போகவில்லை. நானும் எழவில்லை. என் நெஞ்சுக்குள் அந்த ஏற்ற மாடு நின்றுவிட்டது. எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று தேடினேன், மாப்பிள்ளை மனசு கோணாமல், பொண்ணுக்கு அசிங்கம் இல்லாமல், நாளைக்குச் சம்பந்தி வீட்டில் பேச்சு வராமல், ஒரு கேள்வி. அப்படி ஒரு கேள்வி இல்லை. உலகத்தில் அப்படிக் கேள்வி கிடையாது, அதனால்தான் யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டு இல்லை என்று அவள் சொல்லிவிட்டால், நான் போன பிறகு இந்த வீட்டில் அந்தக் கேள்வியும் அவளும் மட்டும் இருப்பார்கள், இவரோடு. அதுதான் பயம். கேட்டால் கூட்டிக்கொண்டுதான் போகணும், கேட்டுவிட்டு விட்டுவிட்டுப் போகக்கூடாது. "மேகலா," என்றேன். "உம் புருசன் உங் கழுத்துல கைய வெச்சாரா?" மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை முதலில் சிரித்தார். "என்ன மாமா, வெயில்ல வந்தது தலைக்கு ஏறிடுச்சா?" நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதை வந்துவிடும். அவளையே பார்த்தேன். "மாமா, அவதான் கண்டதையும் நெனச்சுக் கொழப்பிக்கறான்னா, நீங்களுமா? அவளையே கேளுங்க. சொல்லு மேகா. சொல்லு, அப்பா கேக்கறார்ல." அந்தக் குரல்தான். கதவுக்கு வெளியே நின்று கேட்டேனே, சோறூட்டுகிற குரல். பால் பொங்கி அடுப்பில் விழுந்து சுரீரென்றது, கருகின நாற்றம் கூடத்துக்கு வந்தது. அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. போய்விட்டது, நான் கெடுத்துவிட்டேன், இனி அவள் வந்து சிரித்துக்கொண்டே அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா என்பாள், நான் வெள்ளகோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தேன். ஏதோ டப்பாவை நகர்த்துகிற சத்தம், தகரம் தரையில் தேய்கிற சத்தம். வெளியே வந்தபோது அவள் தோளில் ஒரு துணிப்பை இருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுத்திருக்கிறாள், பையில் ஒருபக்கம் அரிசி மாவு அப்பியிருந்தது. இப்போது கட்டின பை இல்லை அது. எப்போதோ கட்டி வைத்திருக்கிறாள், எத்தனை தரம் எடுத்து, எத்தனை தரம் திரும்ப வைத்தாளோ.

மாப்பிள்ளை எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றார். வேகமில்லை, அவசரமில்லை. "எங்க கெளம்பிட்ட?" என்றார் மெதுவாக. "உக்காரு. பேசிக்கலாம்." அவர் என்னைவிடத் தலை உயரம், தோள் இரண்டு பங்கு. நான் என்ன செய்ய முடியும். அடித்தால் விழுந்துவிடுவேன். அவர் கைகளைப் பார்த்தேன், சுத்தமான கை, நகம் வெட்டின கை, பத்திரிகையை ஒற்றிக்கொண்ட கை. அவர் இடுப்புக்குப் பக்கத்தில் என் கையை நுழைத்துத் தாழ்ப்பாளை இழுத்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். வயசானவன் கையைத் தொட இன்னும் ஏதோ தடுத்தது அவரை. கதவு அவரை ஓர் அடி ஒதுக்கிக்கொண்டு திறந்ததும் நடையில் பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலைக் காம்பைக் குப்பைக் கூடையில் போட வந்தவள் நின்று பார்த்தாள். "ஒறம்பரைங்களா?" என்று கேட்டாள். ஒரு நொடிதான். மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது, வாசலில் என்னை வரவேற்ற முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. "ஆமாங்க, மாமனார் வந்திருக்காங்க. கல்யாணத்துக்குக் கூப்பிட." "அப்படீங்களா. சாப்டுட்டுப் போங்க, உங்கூட்டுல இல்லன்னா எங்கூட்டுல கறி இருக்குது," என்று அந்தம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள், அப்புறம் மேகலாவைப் பார்த்தாள், மேகலாவின் துப்பட்டாவைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உள்ளே போகவில்லை. சும்மா நின்றாள், கையில் காம்போடு. அவள் நிற்கிறவரைக்கும் அவர் நகரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. மேகலா அவர் தோளை உரசாமல் பக்கவாட்டில் வெளியே வந்தாள். செருப்பைத் தேடவில்லை. "போன் இங்க இருக்கு மேகா," என்றார் பின்னாலிருந்து, ரொம்ப அன்பாக. அவள் திரும்பவில்லை. நாங்கள் லிப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே காலடிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன். முதலில் வரவில்லை. இரண்டாவது மாடி தாண்டினபோது வர ஆரம்பித்தது, ஓடுகிற சத்தமில்லை, ஒவ்வொரு படியாக, எங்களோடு சேர்ந்து.

ஆட்டோ கிடைத்தது. அவளை முதலில் ஏற்றி நான் வாசல்பக்கம் உட்கார்ந்தேன். "சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு," என்றேன் டிரைவரிடம். என் மனசு அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மாக்காரி வெந்நீர் வைப்பாள், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லலாம், கல்யாண வீடு, இப்போது பேச்சு வெளியே போகவேண்டாம், பொறவு பெரியவங்களை வைத்துப் பேசலாம், நம்ம பட்டிக்குள் வந்துவிட்டால் போதும். அப்படித்தான் எனக்குத் தெரியும். ஆட்டோ தெருமுனை திரும்பினதும் மேகலா துப்பட்டாவைக் கழற்றினாள். காத்துக்காகக் கழற்றினாளோ, எனக்காகக் கழற்றினாளோ. சட்டையின் மேல்பட்டன் இரண்டையும் விட்டாள். கழுத்தில் விரல்தடம், பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம், நாவற்பழம் நசுக்கின நிறத்தில். சிலது பழுத்து மஞ்சளாகியிருந்தது, சிலது புதுசு. அப்படியென்றால் ஒரு தடவை இல்லை. நான் பார்த்தேன், பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன், அப்புறம் திரும்பவும் பார்த்தேன். ஆயிரம் வருசமாக எங்கேயோ சுற்றிவிட்டு அந்த வார்த்தை பொறந்த இடத்துக்கே வந்து என் மகள் கழுத்தில் கிடக்கிறது. அவள் முன்னால் சாய்ந்து டிரைவர் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, வலியோடு இழுத்தெடுத்துச் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டு வேண்டாங்ண்ணா. மொதல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி. இத டாக்டர் எழுதோணும். பொறவு மகளிர் ஸ்டேசன்." ஸ்டேசன் என்றால் வெள்ளகோவில் முழுக்கத் தெரியும், சம்பந்தி வீடு வரும், மண்டபத்தில் வியாழக்கிழமை இதுதான் பேச்சாக இருக்கும். "அம்மிணி, ஊருக்குப் போயி யோசிச்சு..." என்றேன். "ஊருக்குப் போனா அவரு ஊருக்கு வருவாருப்பா. நல்ல சட்ட போட்டுக்கிட்டு வருவாரு. நீங்களே நாற்காலி போடுவீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது, சோபாவில் உட்கார்ந்து சிரித்துவைத்தவன் நான். "செரி கண்ணு," என்றேன். டிரைவர் கண்ணாடியில் அவள் கழுத்தைப் பார்த்திருக்கவேண்டும், வண்டியை வேறு ரோட்டுக்குத் திருப்பினான். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஏனுங்க, ஒரு பைக்கு கெளம்பினதுல இருந்து நம்ம பின்னாலயே வருதுங்க. தெரிஞ்சவங்களா? வேகமாப் போகட்டுமா?" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். இஸ்திரிச் சட்டை, ஹெல்மெட் இல்லை, முகத்தில் ஒரு கோபமும் இல்லை, பேச வருகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார், இடைவெளி கூடாமல் குறையாமல். என் கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. மேகலா திரும்பிப் பார்க்கவில்லை.

"எம்பட புருசன்தானுங்ண்ணா," என்றாள். "நீங்க மெதுவாவே போங்க. ஸ்டேசன் வரைக்கும் வரட்டும்."